திருகுப்புழு ஈ: பறக்கும் ஈயை நம்புவதா, புழுவை நம்புவதா?

அமெரிக்கக் கண்டங்களில் ஒரே சாயலில் இரண்டு ஈக்கள் உண்டு. திருகுப்புழு ஈ எனப்படும் கோக்லியோமியா ஹோமினிவோராக்ஸ் உயிருள்ள விலங்கின் காயத்தில் முட்டையிடும். அதன் புழுக்கள் நல்ல சதையையே தின்று உள்ளே இறங்கும். கோக்லியோமியா மசெலாரியா பிணத்தையும் அழுகிய சதையையும் நாடும். இவை தனித்தனி இனங்கள் என்பதை குஷிங், பாட்டன் என்ற இருவர் 1933-இல்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன் செத்த விலங்குகளை எரித்தும் புதைத்தும் ஈயை ஒழிக்கப் பார்த்தார்கள். அதனால் குறைந்தது மசெலாரியாதான். உயிரைத் தின்னும் ஈக்குப் பிணம் தேவையே இல்லை. அடையாளம் தவறினால் உழைப்பு முழுவதும் வீணாகும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

வளர்ந்த ஈயை வைத்துப் பிரிக்க முடியுமா? நிறம் உதவாது. இரண்டும் நீலப்பச்சையாக மின்னும். இரண்டின் மார்பிலும் மூன்று கருங்கோடுகள் ஓடும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் வேறுபாடு தெரியும். மசெலாரியாவின் வயிற்றுக் கடைசிப் பகுதியில், மேற்புறத்தின் இரு பக்கமும் வெள்ளி நிறத் திட்டுகள் இருக்கும். ஹோமினிவோராக்ஸில் அவை எடுப்பாகத் தெரியாது. முகத்தில், கண்ணோரமாக நெற்றி முள்மயிர்களுக்கு வெளியே இருக்கும் நுண்மயிர்கள் ஹோமினிவோராக்ஸில் கருமை, மசெலாரியாவில் வெளிர்மை. பெண் ஈயானால் இறக்கையின் அடியில் உள்ள சிறு செதிலையும் பார்க்கலாம்: முன்னதில் கருப்பு, பின்னதில் மஞ்சள். நல்ல அடையாளங்கள்தாம். ஆனால் பொறியில் சிக்கி மயிர் உதிர்ந்த, நனைந்து சுருங்கிய ஈயில் இவற்றில் பாதி அழிந்துபோகும். காயத்தோடு ஒரு மாடு முன்னே நிற்கும்போது ஈ கைக்குக் கிடைப்பதும் அரிது.

புழு கிடைக்கும். அதனால் என் வாக்கு புழுவுக்கே. மூன்றாம் பருவப் புழுவின், அதாவது முதிர்ந்த புழுவின், பின்முனையிலிருந்து முன்னோக்கி இரண்டு மூச்சுக்குழல்கள் ஓடுகின்றன. ஹோமினிவோராக்ஸில் அவை பன்னிரண்டாம் உடற்கண்டத்திலிருந்து ஒன்பதாம் அல்லது பத்தாம் உடற்கண்டம் வரை அடர்கருப்பாக இருக்கும். மசெலாரியாவில் அந்தக் கருமை இல்லை. உயிருள்ள புழுவில் தோலின் ஊடாகவே இரண்டு கருங்கோடுகளாக இதைப் பார்த்துவிடலாம். பாதுகாத்து வைத்த புழுவைக் கீற வேண்டியிருக்கலாம். இளம் புழுக்களில் கருமை இவ்வளவு நீளாது. எனவே முதிர்ந்த புழுவையே தேட வேண்டும்.

பாதுகாக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கொதித்து இறக்கிய நீரில் 15 முதல் 30 விநாடி வைத்துவிட்டு, 80 சதவீத எத்தனாலில் போட வேண்டும். ஃபார்மலின் கூடாது.

2016-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் மான்களிலும் 2024 நவம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்திலும் ஹோமினிவோராக்ஸ் மீண்டும் தென்பட்டது. இப்படிப்பட்ட வேளையில் காயத்தின் விளிம்பில் கிடைத்த ஒரு புழுவைப் பார்த்துவிட்டு, "இது மசெலாரியா, கவலையில்லை" என்று சொல்வது ஆபத்து. ஹோமினிவோராக்ஸ் தொற்றிய புண்ணில் மசெலாரியாவும் பின்னாலேயே வந்து குடியேறும். மாதிரியைப் புண்ணின் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும்; ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் பல புழுக்களை எடுக்க வேண்டும்.