கிருஷ்ணகிரி மாங்கன்று நர்சரிக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்: பழைய ஆர்டரை நகல் எடுக்கும் வேலையில் எப்படி?

சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் நோட்டிலோ எக்செலிலோ ஆர்டர் எழுதிவரும் நர்சரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கணக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில்தான், இந்த அளவு தொழிலுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய ஆர்டரை முழுசாக நகல் எடுக்கும் வசதி அதில் தயாராக இல்லை, நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

நமக்கு அது கட்டாயம் வேண்டும். ஆடியில் நடவு ஆரம்பித்தால் வரும் போனில் பாதி "போன வருஷம் எடுத்த மாதிரியே குடுங்கண்ணா" என்பதுதான். அந்த ஒரு வார்த்தைக்குள் பெங்களூரா இத்தனை, செந்தூரா இத்தனை, அல்போன்சா, இமாம் பசந்த் என்று வரிசையாக ரகங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை, அப்புறம் எந்த ரகம் எந்த வண்டி நடையில் போகிறது என்ற விவரம் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதாவது ஆர்டர், ரகம், நடை என்று மூன்று டேபிள்.

ஆக்சஸில் பட்டன் அமைத்துத் தரும் விசார்டில் டூப்ளிகேட் ரெக்கார்ட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்தினால் பெயர், ஊர், போன் என்று ஆர்டர் டேபிளில் உள்ளவை மட்டும் புது ஆர்டரில் வரும், கீழே ரகங்கள் இருக்க வேண்டிய சப்ஃபார்ம், அதாவது உள்கட்டம், காலி. ரகங்கள் வேறு டேபிளில் பழைய ஆர்டர் எண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன, புது ஆர்டருக்கோ ஆட்டோநம்பர் புது எண் கொடுத்துவிடுகிறது, அந்த எண்ணைப் போட்டு ரகங்களை மறுபடி எழுத ஆள் வேண்டும், அந்த வேலையை விசார்ட் செய்வதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பட்டனுக்குப் பின்னால் ஆக்சஸின் புரோகிராம் மொழியான விபிஏவில் கோடு எழுதி, முதலில் திரையில் இருப்பதை சேவ் செய்து, ஆர்டர் டேபிளைக் கோடிலேயே ரெக்கார்ட்செட்டாக (வரிகளின் தொகுப்பாக) திறந்து புது ஆர்டரைச் சேர்த்து, அதன் எண்ணை வாங்கி, பழைய எண்ணில் உள்ள ரகங்களை எல்லாம் புது எண்ணோடு ஒரே அப்பெண்ட் கொயரியில் (வரிகளைச் சேர்க்கும் கட்டளையில்) சேர்த்துவிடலாம். இரண்டு டேபிள் என்றால் இதோடு முடிந்தது. மூன்றாவது டேபிள்தான் சிக்கல், ஏனென்றால் ரக வரிகளுக்கும் புது எண் வந்துவிடும், எந்த நடை எந்தப் புது வரிக்குச் சொந்தம் என்று தெரியாது. அதற்கு ரகம் டேபிளில் பழைய வரி எண் என்று ஒரு ஃபீல்டு கூடுதலாக வைத்து, நகலெடுக்கும்போதே அதை நிரப்பி, அதை வைத்து நடைகளை இணைத்தால் போதும். எல்லாவற்றையும், முடிந்தால் முழுசாக, இல்லையேல் எதுவுமே பதியாத ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் போடுங்கள், நடுவில் பிழை வந்தாலும் அரைகுறை ஆர்டர் நிற்காது.

எதை நகலெடுக்கக் கூடாது என்பதையும் உட்கார்ந்து யோசியுங்கள். தேதி, அட்வான்ஸ், பில் நம்பர், அனுப்பிய எண்ணிக்கை இவை வரக் கூடாது. விலையை இந்த வருஷப் பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். எண்ணிக்கையைக்கூட கேட்டுக்கொள்வது நல்லது: 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று வைத்தவர் இந்த முறை 5 மீட்டர் அடர் நடவுக்குப் போனால் 160 வேண்டும்.

தமிழில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டேபிளுக்குள் ரகப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தமிழில் அழகாக நிற்கும், ஃபார்மில் லேபிளும் தமிழிலேயே வைக்கலாம், ஆனால் விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்குமான குறியீடு) தெரியாது, தமிழ் எழுத்து அங்கே கேள்விக்குறியாகிவிடும். அதனால் டேபிள் பெயர், ஃபீல்டு பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

லிப்ரேஆபீஸ் பேஸ் இலவசம், அதிலும் இதே வேலையை மேக்ரோ எழுதிச் செய்யலாம், ஆனால் ஃபார்ம் அமைப்பது ஆக்சஸ் அளவுக்குச் சுலபமில்லை என்பது என் கருத்து. ஆக்சஸில் ஒரு ஃபைல் 2 ஜிபிதான் தாங்கும், நர்சரி கணக்குக்கு அது தாராளம், கன்று போட்டோக்களை மட்டும் உள்ளே திணிக்காதீர்கள். விண்டோஸில்தான் ஓடும். செலவைப் பார்ப்பவர்கள் ஃபார்ம் வடிவமைக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் முழு ஆக்சஸ் வாங்கிவிட்டு, பில் போடும் மற்ற கம்ப்யூட்டர்களில் ஆக்சஸ் ரன்டைமை (வடிவமைக்க முடியாது, ஓட்ட மட்டும்) போட்டுக்கொள்ளலாம், அது இலவசம், நகல் பட்டன் அதிலும் அப்படியே வேலை செய்யும்.