ஐடிஐ படிப்புக்கு உதவித்தொகையா, திறன் கடனா: இரண்டையும் பார்த்த வீட்டிலிருந்து ஓர் அலசல்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் ஓராண்டு இடைவெளியில் தொழிற்பயிற்சியில் சேர்ந்தார்கள். தங்கை மகன் 2022இல் தனியார் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில் வெல்டர் பிரிவில் சேர்ந்தான். அவனுக்கான பணம் திறன் கடனாக வங்கியிலிருந்து வந்தது. என் மகன் 2023இல் அரசு ஐடிஐயில் பிட்டர் பிரிவில் சேர்ந்தான்; அவனுக்குக் கட்டணமும் இல்லை, கடனும் இல்லை, மாதாமாதம் உதவித்தொகைதான். இரண்டு வழிகளுக்கும் விண்ணப்பம் எழுதியவன், சான்றிதழ்களுக்கு அலைந்தவன், வங்கி மேலாளர் முன் அமர்ந்தவன் நான் என்பதால், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு இதே கேள்வியில் நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் சாய்வு உதவித்தொகையின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம், கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும், உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்ற எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடு மட்டும் அன்று.

முதலில் இலவசப் பக்கத்தில் என்னென்ன கிடைக்கின்றன என்று பார்ப்போம். தமிழ்நாட்டின் அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையோடு பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், சீருடை, மூடுகாலணி, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண் பிள்ளைக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக வருகிறது. ஆக, தகுதியுள்ள பிள்ளையின் கைக்கு மாதம் 1,750 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான கல்வி உதவித்தொகைக்கும் தனியே விண்ணப்பிக்கலாம்.

இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி தரம் குறைந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எங்கள் வீட்டிலும் இருந்தது. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் செலவில் தொழில் 4.0 (கணினியும் தானியங்கி இயந்திரங்களும் இணைந்த நவீன உற்பத்தி) தரத்துக்கு உயர்த்தும் திட்டம் வந்த பிறகு, அந்த எண்ணத்தை ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் சென்று சரிபார்ப்பதே முறை. என் மகன் சேர்ந்த நிலையத்தின் பணிமனையில் கடைசல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பின்தான் நான் கையெழுத்திட்டேன். பூட்டிய அறைக்குள் உறையிட்டு வைத்திருக்கும் இயந்திரத்தால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. அது அரசு நிலையத்துக்கும் தனியார் நிலையத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

இனி கடன். இதையும் நியாயமாகவே சொல்ல வேண்டும். மத்திய அரசின் திறன் கடன் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியபோது 5,000 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை கிடைத்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பு ஏழரை லட்சமாக உயர்த்தப்பட்டது. சொத்து அடமானம் கேட்பதில்லை, ஏனெனில் கடனில் 75 விழுக்காடு வரை அரசின் உத்தரவாத நிதியம் வங்கிக்குப் பொறுப்பேற்கிறது. பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கட்டணம் மட்டுமின்றித் தேர்வுக் கட்டணம், புத்தகம், கருவிகள், தேவையென்றால் தங்குமிடம், உணவு ஆகியவற்றையும் கடனில் சேர்க்கலாம். கந்துவட்டிக்கு வாங்கியோ நகையை விற்றோ கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் எனக்கு ஐயமில்லை. தங்கை மகனுக்கு அருகில் இருந்த அரசு ஐடிஐயில் வெல்டர் இடங்கள் நிரம்பிவிட்டதால், அந்த ஆண்டு இந்தக் கடன் இல்லையென்றால் அவன் வீட்டில்தான் இருந்திருப்பான்.

அப்படியிருந்தும் என் தீர்ப்பு மறுபக்கம் சாய்வதற்குக் காரணம் படிப்பு முடிந்த பிறகு வரும் ஓராண்டு. கடன் வாங்கும் நாளில் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை; நாங்களும் பேசவில்லை.

ஐடிஐ முடித்த பிள்ளை மறுநாளே முழுச் சம்பள வேலைக்குப் போய்விடுவதில்லை. பெரும்பாலான நல்ல தொழிற்சாலைகள் முதலில் அவனை அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகை பெற்றுக்கொண்டு தொழிற்சாலையிலேயே வேலை பழகுபவனாகத்தான் எடுக்கின்றன. பொதுத்துறை நிறுவனங்களிலும் ரயில்வேயிலும் பின்னால் விண்ணப்பிக்க அந்த அப்ரண்டிஸ் சான்றிதழ் பெரிதும் உதவுகிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகள், ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 7,000 ரூபாயை நிர்ணயித்தன. தங்கை மகனுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. அதில்தான் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் பயணம் எல்லாம்.

இப்போது கடனின் கால அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கியில் மாரடோரியம் என்று சொல்லும், தவணை கட்ட வேண்டியிராத காலம், ஓராண்டு வரையிலான படிப்புக்குப் படிப்பு முடிந்து ஆறு மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட படிப்புக்குப் பன்னிரண்டு மாதம். வெல்டர் படிப்பு ஓராண்டுதான். தேர்வு முடிந்து, முடிவு வந்து, சான்றிதழ் கைக்குக் கிடைத்து, அப்ரண்டிஸாகச் சேர்வதற்குள் அந்த ஆறு மாதத்தில் மூன்று மாதம் கரைந்துவிட்டது. சேர்ந்த நான்காம் மாதம் முதல் தவணை வந்து நின்றது. "அண்ணே, பேங்க்ல இருந்து போன் பண்ணிட்டாங்க, அவன் கையில வாங்குறதே ஏழாயிரம், அதுல இத எப்படிக் கட்டுவான்?" என்று தங்கை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. முதல் ஆறு தவணைகளை அவளும் நானும் சேர்ந்து கட்டினோம்.

கணக்கைத் திறந்தே வைக்கிறேன். கடன் 80,000 ரூபாய், வட்டி 11 விழுக்காடு. படிக்கும் காலத்திலும் தவணை தள்ளிவைக்கப்பட்ட காலத்திலும் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பதினெட்டு மாதத்துக்கு அது 13,200 ரூபாய். ஆக, முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 93,200 ஆகிவிடுகிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரையிலான கடனுக்கு ஐந்தாண்டு அவகாசம் என்பதால் மாதத் தவணை ஏறத்தாழ 2,026 ரூபாய். அறுபது மாதமும் கட்டி முடிக்கும்போது 1,21,000 ரூபாயைத் தாண்டுகிறது. இந்த மொத்தத் தொகைகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை, வேலையில் நிலைத்துவிட்ட ஒரு வெல்டரால் அதை அடைத்துவிட முடியும். என்னை உறுத்துவது அந்த 2,026 ரூபாய், கையில் ஏழாயிரம் மட்டும் வரும் மாதங்களில் வந்து விழுவதுதான். வருமானத்தில் கால் பங்குக்கு மேல் தவணைக்கே போகும்போது பிள்ளை என்ன செய்வான்? அப்ரண்டிஸ் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, அன்றாடம் கூலி தரும் ஏதாவதொரு பட்டறைக்குப் போவான். தங்கை மகன் அந்த முடிவுக்கு மிக அருகில் வந்தான். அவனோடு சேர்ந்த ஒரு பையன் உண்மையாகவே அப்படிப் போய்விட்டான். அப்ரண்டிஸ் சான்றிதழ் அவனுக்குக் கிடைக்கவில்லை. கடன் கட்டணத்தைச் சமாளித்துத் தந்தது, ஆனால் படிப்பின் பலன் கனியும் ஆண்டில் பிள்ளையின் காலை இழுத்தது.

கடனே வழி என்று ஆகிவிட்டால், படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவர முயலுங்கள். எங்கள் கணக்கில் அது மாதம் 733 ரூபாய்தான். அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் ஒரு விழுக்காடு வரை சலுகை தர வங்கிகளுக்கு இடமுண்டு. அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இதைக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளில் நாங்கள் கேட்கத் தவறியதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

என் மகனின் இரண்டாண்டுகள் வேறு விதமாகச் சென்றன. வருகைப்பதிவு குறையாமல் பார்த்துக்கொண்டதால் 750 ரூபாய் தடைப்படவில்லை. இரண்டாம் ஆண்டில் தமிழ்ப் புதல்வன் பணமும் சேர்ந்தது. இரண்டாண்டுகளில் அவன் கணக்குக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய் வந்தது. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் இன்று அப்ரண்டிஸாக வாங்கும் தொகை முழுதும் அவனுடையது. மேற்பார்வையாளர் கடிந்துகொண்டாலும், வேலை கடினமாக இருந்தாலும், ஓராண்டு பொறுத்துச் சான்றிதழோடு வெளியே வர அவனால் முடியும். இந்தப் பொறுமையைத்தான் நான் உதவித்தொகையின் உண்மையான மதிப்பாகக் கருதுகிறேன்.

உதவித்தொகைக்கும் பராமரிப்பு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது, என் மகனுக்கு மூன்று மாதம் வரவில்லை. வங்கிக்குப் போனோம், ஆதார் எண் கணக்கோடு இணைந்துதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுமுறை போனபோது, கவுண்ட்டரில் இருந்த பெண் ஊழியர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆதார் எண்ணைக் கணக்கில் பதிந்திருப்பது வேறு, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் எந்த வங்கிக்குச் செல்ல வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் பதிந்திருப்பது வேறு. அந்தப் பட்டியலில், பள்ளி உதவித்தொகைக்காக அவன் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய வேறொரு வங்கியின் கணக்கு இருந்தது. மூன்று மாதப் பணமும் நாங்கள் மறந்தே போயிருந்த அந்தப் பழைய பாஸ்புக்கில் கிடந்தது. பணம் எங்கும் தொலைந்துவிடவில்லை, ஆனால் மூன்று மாதம் நாங்கள் பட்ட கவலைக்கு அளவில்லை. சேர்க்கைக்கு முன்பே வங்கியில் "என் ஆதாருக்கு அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வரும்?" என்று இதே சொற்களில் கேளுங்கள். இணைந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால், ஆம் என்ற பதில்தான் வரும்.

கடனையே முதல் தேர்வாகக் கொள்ளக்கூடிய நிலைகளும் உண்டு. பிள்ளை விரும்பும் தொழிற்பிரிவு எட்டும் தொலைவில் எந்த அரசு நிலையத்திலும் இல்லாதபோது, அல்லது படிப்பு முடிந்ததும் நேரே முழுச் சம்பளத்தில் எடுக்கும் நிறுவனம் ஒன்று உறுதியாகத் தெரியும்போது, ஓராண்டை வீணாக்குவதைவிடக் கடன் வாங்கிச் சேர்வது நல்லது. அதற்கு முன் தனியார் ஐடிஐகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருப்பதை நினைவில் வைத்து, கலந்தாய்வில் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக் கடன் பழைய வரம்புக்கு உட்பட்டது. ஏழரை லட்சம் வரையிலான புதிய கடனோடு எனக்கு நேரடிப் பழக்கம் இல்லாததால், பெரிய தொகை வாங்குவோர் என் கணக்கை அப்படியே பெருக்கிப் பார்க்காமல், தங்கள் வங்கியின் தவணை அட்டவணையை அச்சிட்டு வாங்கிப் படிப்பது நல்லது.

ஐடிஐ படிக்காமலேயே நேரடியாக அப்ரண்டிஸாகச் சேரும் மூன்றாம் வழியும் இருக்கிறது. முதல் மாதமே பணம் வரும் என்பது அதன் கவர்ச்சி. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு அதே 2019 விதிகளில் குறைந்தபட்சம் 6,000 ரூபாய். வீட்டில் உடனடி வருமானம் தேவைப்படும் பிள்ளைக்கு அது பொருந்தும். மற்றவர்கள் ஐடிஐ சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு அப்ரண்டிஸாகப் போவதே மேல் என்பது என் கருத்து.

தங்கையின் இளைய மகள் அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள்; அவளுக்கு எலக்ட்ரீசியன் பிரிவில் விருப்பம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டமும் அவளுக்கு உண்டு. இந்த முறை கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை. வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே பதிந்துவிட்டோம். சென்ற வாரம் அவளையே வங்கிக்கு அழைத்துச் சென்று அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தேன். அவளுடைய ஆதார் சரியான கணக்கில்தான் இருக்கிறது. பழைய பாஸ்புக்கையும் தங்கை பெட்டியிலிருந்து தேடி எடுத்துத் தனியே வைத்திருக்கிறாள்.