பழைய அம்பாசடருக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன்: பொள்ளாச்சியில் ஒரு வயரிங் கடை

பொள்ளாச்சி உடுமலை ரோட்டை ஒட்டி ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை. போர்டு கிடையாது. வாசலில் பழைய டைனமோவும் செல்ப் மோட்டாரும் குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம். மாமனார் விட்டுப்போன பெட்ரோல் அம்பாசடருக்கு (1489 சிசி, பாயிண்ட் வைத்த டெல்கோ, அதாவது ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்) எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டியது இங்கேதான். கிட்டைப் பற்றிப் பேச யூடியூபில் ஆள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வயரிங்கைப் பற்றி.

கிட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டு அறுக்கிற பாயிண்ட், அதற்குத் துணையான கண்டென்சர் இரண்டையும் கழற்றிவிட்டு, அதே தட்டில் அந்த வேலையைச் செய்யும் ஒரு சென்சார் மாட்யூல். ரோட்டாருக்கு அடியில் ஒரு காந்த வளையம். சிவப்பு வயர் காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்டேஜை உண்டாக்குவது) பிளஸ்ஸுக்கு, கருப்பு மைனஸுக்கு. முதலில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் "அரை மணி நேர வேலைங்க" என்று இதை மட்டும் செய்து கொடுத்தார்கள். வால்பாறை ஏறும்போது, அட்டகட்டி வருவதற்குள் வண்டி சத்தமில்லாமல் நின்றது. பழைய பாயிண்டை எடுத்து மாட்டித்தான் கீழே இறங்கினோம்.

இந்தக் கடை அண்ணன், கருகிய கிட்டுக்குப் பதிலாக நான் கொண்டுபோன புது கிட்டைப் பிரிக்கவே இல்லை. முதலில் காயிலில் மீட்டரை வைத்தார். ஒன்றரை ஓம்.

"ஏனுங்க, இந்தக் காயிலை ஆருங்க போட்டது? இது ரெசிஸ்டர் வெச்ச வண்டிக்கானதுங்க. உங்க வண்டில அது இல்லியே. இதுல மாட்டுனா புதுசும் கருகிப்போயிருங். மூணு ஓம் காயில் வாங்கிட்டு வாங்க."

கணக்குப் போட்டால் புரியும். வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்றால், ஒன்றரை ஓமில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 ஓமில் அதில் பாதிதான். அவ்வளவையும் அந்தச் சின்ன மாட்யூல்தான் தாங்க வேண்டும்.

புதுக் காயில் மாட்டியதும், சாவியைப் போட்டுக் காயில் பிளஸ்ஸில் வோல்டேஜ் பார்த்தார். அதுவும் பாயிண்ட் மூடியிருக்கும்படி இன்ஜினைத் திருப்பி வைத்துவிட்டு. பாயிண்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, மீட்டர் 12 காட்டி நம்மை ஏமாற்றிவிடும். மூடிப் பார்த்தால் 10தான் வந்தது. மீதியெல்லாம் பழைய சாவி சுவிட்சும் பச்சை பூத்த ஃபியூஸ் முனையும் தின்றது. பேட்டரியிலிருந்து காயிலுக்குத் தனியாக ஃபியூஸ் வைத்து ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்) ஒன்று போட்டார். பழைய இக்னிஷன் வயர் இப்போது ரிலேயைத் தட்டிவிடுவதோடு சரி.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்தது. டெல்கோவுக்குள் தட்டையும் பாடியையும் இணைக்கிற எர்த் வயர் இழை இழையாக அறுந்திருந்தது. அதை மாற்றி, சென்சார் வயர்களைக் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினார். பிறகு வேக்யூம் ட்யூபை (இன்ஜின் உறிஞ்சும்போது தட்டைத் திருப்புகிற குழாய்) வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு நகர்ந்தது, வயர் எங்கும் இழுபடவில்லை. அப்புறம்தான் மூடியைப் போட்டார். பாயிண்ட் போய் சென்சார் வந்தால் ஸ்பார்க் விழும் நேரம் மாறும் என்பதால், கடைசியில் லைட் அடித்து டைமிங்கையும் வைத்துக் கொடுத்தார்.

இப்போது காலையில் பாதிச் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது, ஐடிலிங் ஆடுவதில்லை. மைலேஜ் கூடியதாகத் தெரியவில்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். ஆடி மாசச் சாரலில் டெல்கோ மூடிக்குள் ஈரம் கோத்தால் இதுவும் மிஸ் அடிக்கத்தான் செய்யும், அதற்கு மூடியும் எச்.டி. வயரும் (பிளக்குக்குப் போகும் தடித்த வயர்) நன்றாக இருக்க வேண்டும்.

குறை உண்டு. சொன்ன நேரத்துக்கு வேலை முடியாது. கேட்டால் "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்பார். பில் தர மாட்டார். கூலி 1,200 வாங்கினார், ரிலே, ஃபியூஸ், வயர் தனி. செய்த வேலைக்கு இது குறைவுதான்.

போகிறவர்கள் பழைய பாயிண்ட், கண்டென்சரைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். கவரில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவார். பாயிண்ட் கெடும்போது இருமி, திணறி முன்கூட்டியே சொல்லும். மாட்யூல் சொல்லாமல் போகும். இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுப் பாட்டுக் கேட்கிற பழக்கம் இருந்தால் அதையும் முன்னாடியே சொல்லுங்கள், காயில் சூடேறி வீணாகும். எனக்கு ரேடியோவுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார்.