குன்னூரில் ஒரு பழைய நோட்டுக் கடை

என் தாத்தா மலாயாவில் பால்மரம் சீவியவர். ஊர் திரும்பி இங்கே தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த பிறகும் பணத்தை, அங்கே டாலரைச் சொல்கிற மாதிரி, ‘வெள்ளி’ என்றுதான் சொல்வார். அவர் கையில் புழங்கிய அந்த மலாயா டாலர் நோட்டுகளைத்தான் நான் சேர்க்கிறேன். 1953 முதல் 1967 வரை மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாவற்றுக்கும் ஒரே டாலர். 1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. அதோடு சரி.

குன்னூர் மார்க்கெட் பக்கம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்னக் கடை இது. ஒரு பெரியவர் தனியாக நடத்துகிறார். 1961 பத்து டாலர், எருமை பூட்டி உழுகிற சிவப்பு நோட்டு, இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்து வைத்தார். விலை பேசுவதற்கு முன்பே நோட்டைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தார். நடுவில் மயிரிழை மாதிரி ஒரு மடிப்பு. “தம்பி, இது மடிப்பை மறைக்கத் தண்ணியில நனைச்சு இஸ்திரி போட்டுத் தேய்ச்ச நோட்டு. மொடமொடப்பு போயிடுச்சு பாருங்க” என்று என் விரலில் கொடுத்தார். உண்மைதான், துணி மாதிரி துவண்டது. அவரே 300 ரூபாய் குறைத்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். நோட்டில் படம் இல்லாத இடத்தில் புலித்தலை நீர்க்குறி (வாட்டர்மார்க்) தெளிவாகத் தெரிந்தது. எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

இதற்கு முன் வேறொருவரிடம் தபாலில் வாங்கியபோது, இதே மாதிரி தேய்த்த நோட்டைப் புதுசு என்று நம்பி முழு விலை கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த நேர்மை எனக்குப் பெரிது.

1959 ஒரு டாலர் படகு நோட்டும் இரண்டு வைத்திருந்தார். ஒன்று வாட்டர்லோ கம்பெனி அச்சடித்தது, இன்னொன்று தாமஸ் டி லா ரூ கம்பெனி அச்சடித்தது. அடியில் இருக்கும் பொடி எழுத்தை லென்ஸ் வைத்துக் காட்டினார். இரண்டையும் வாங்கிவிட்டேன்.

ஒரு குறை. நோட்டுகளைப் போட்டு வைத்திருக்கும் கவர்களில் பாதி பி.வி.சி. பிளாஸ்டிக். நம் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், பி.வி.சி. நாளாக ஆகப் பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் கவர் கேட்டு வாங்குங்கள், உள்ளே வைத்திருக்கிறார். கொஞ்சம் விலை கூட.

மத்தியானத்துக்குள் போய்விடுங்கள், மேகம் இறங்கினால் அந்த ஜன்னலில் வெளிச்சம் கிடையாது. ராணி படம் போட்ட 1953 ஒரு டாலருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.