கரண்டு போவதற்குள் பேக்கப்: யாங்கோனில் மூன்று வருட அனுபவம்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பாடக் குறிப்புகள், தேர்வுத் தாள்கள், தாத்தா காலத்துப் பத்திரங்களின் ஸ்கேன், பீலிக்கான் கோயில் தீமிதி வீடியோக்கள் என்று எல்லாமே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றில்தான் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் இங்கே மியான்மரில் இணையம் துண்டிக்கப்பட்டபோது, கிளவுடை (இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் வசதியை) மட்டும் நம்பி இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். பென் டிரைவ் வாங்கினேன்.

முதலில் வாரா வாரம் மொத்த ஃபோல்டரையும் இழுத்துப் போட்டுக் காப்பி செய்தேன். 28 ஜிபி, முக்கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் பாதி ஓடும்போதே கரண்டு போய்விட்டது. திரும்ப வந்ததும் டிரைவைத் திறந்தால், 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. அன்றைக்கு வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. நல்லவேளை, மூலப் பிரதி கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

அதன்பிறகுதான் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி செய்யும் நிரலுக்கு மாறினேன். கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் ஒப்பிட்டு, புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் எழுதும். ஒரு வாரத்து வேலை இப்போது இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. அதில் 'எம்ஐஆர்' என்று ஒரு தெரிவு உண்டு. கம்ப்யூட்டரில் அழித்ததை அது டிரைவிலிருந்தும் அழித்துவிடும். கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் பேக்கப்பிலும் போச்சு. அதனால் நான் அதைத் தொடுவதே இல்லை.

டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் (கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில்) இருந்தவரை, தீமிதி வீடியோ ஏறவே இல்லை. ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போனால் அது ஏற்காது. என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டேன். திடீரென்று கரண்டு போனாலும் கோப்பு அமைப்பு குலையாமல் மீள்வதற்கு அதில் ஜர்னல், அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, இருக்கிறது. பாதியில் நின்ற கோப்பை மட்டும் மறுபடி காப்பி செய்ய வேண்டியிருக்கும். டிரைவைப் போனிலும் திறக்க வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் வசதி, ஆனால் அதில் இந்த ஜர்னல் கிடையாது.

ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படங்கள் இருந்தால் வேகம் தவழும். பழைய வருடங்களின் படங்களை வருடத்துக்கு ஒரு ஜிப்பாகக் கட்டினேன், சட்டென்று ஏறியது. அப்புறம் யூஎஸ்பி 3.0 டிரைவை பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் அந்தத் துளையிலேயே செருகுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கடையில் வாங்கிய 64 ஜிபி டிரைவ் போலி. உள்ளே உண்மையில் 8 ஜிபிதான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரல் டிரைவ் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துக் காட்டிக்கொடுத்தது. இப்போது எந்த டிரைவையும் அந்தச் சோதனை முடியாமல் நம்புவதில்லை.

இரண்டு டிரைவ் வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டில், மற்றது யாங்கோனின் தாமுவே பகுதியில் அண்ணி வீட்டில். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வோம். மாற்றும்போது அண்ணியின் மடிக்கணினியில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்ப்பேன். போன மாதம் 2019-இன் தேர்வுத் தாள், ஒரு எழுத்து சிதையாமல் திறந்தது.