இங்கிலீஷ் வார்த்தை சேக்க எந்த சினிமா ரிவியூ படிக்கலாம்?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறவங்க யார்கிட்ட பேசினாலும் ஒரே புலம்பல்தான், கிராமர் ஓரளவு வருது, வார்த்தைதான் கைவசம் இல்ல. படம் எப்படிடான்னு கேட்டா 'நைஸ்', இன்னும் கொஞ்சம் கேட்டா 'வெரி நைஸ்', அதுக்கு மேல வண்டி நகராது. எஸ்பிஎம் (பாரம் ஃபைவ், அதாவது பதினேழு வயசுல எழுதுற அரசாங்கப் பரீட்சை) இங்கிலீஷ் 2021-ல மாறினதுலேர்ந்து ரைட்டிங் பேப்பர் மூணாவது பாகத்துல 200-லேர்ந்து 250 வார்த்தை எழுதணும், அங்க ரிவியூவும் கேக்கறாங்க. அதனால பசங்க ரிவியூ படிச்சா வெட்டி வேலைன்னு திட்டாதீங்க லா.

பசங்க முதல்ல போய் நிக்கிறது ராட்டன் டொமேட்டோஸ், விமர்சகருங்க ரிவியூவைச் சேத்து வெக்கிற வெப்சைட். அங்க 60%-ன்னா 60 மார்க்குன்னு நினைச்சுக்குறாங்க, அப்படி இல்ல, நூறு விமர்சகர்ல அறுவது பேர் தேறும்னு சொல்லியிருக்காங்க, அவ்ளோதான். மேல ஒரு சுருக்க வரி இருக்கும், அதுலயே நாலு பெரிய வார்த்தைய அடைச்சு வெச்சிருப்பாங்க, முன்னப்பின்ன விளக்கமே இல்லாம பிள்ளை எதை வெச்சு அர்த்தம் ஊகிக்கும்? படம் பாத்தவங்களே ரிவியூ போடுற லெட்டர்பாக்ஸ்ட்டும் அதே கதிதான், பாதி ஜோக், பாதி கிண்டல், இங்கிலீஷ் ஏற்கனவே நல்லா தெரிஞ்சவங்களுக்கு ஜாலியா இருக்கும்.

யூடியூப் ரிவியூ காதுக்கு நல்லது, ஸ்பீட 0.75-க்கு குறைச்சுக்கலாம், ஸ்பீக்கிங் டெஸ்டுக்கும் மூவெட் (யூனிவர்சிட்டிக்குப் போக எழுதுற இங்கிலீஷ் டெஸ்ட்) லிசனிங்குக்கும் உதவும். ஆனா ப்ரீபெய்ட் டேட்டா குடிக்கும், தானா வர்ற கேப்ஷன் தமிழ் நடிகருங்க பேரையெல்லாம் கடிச்சு துப்பிரும், அதோட பேச்சுல வர்ற வார்த்தை ஓடிப்போயிரும், திரும்பிப் பாக்க பக்கம் இல்ல.

என் ஓட்டு எழுத்து ரிவியூவுக்குதான், அதுலயும் நம்ம தமிழ்ப் படத்தைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதினதுக்கு. தி ஹிந்து பேப்பர்ல வரும், முன்ன பரத்வாஜ் ரங்கன் மாதிரி ஆளுங்க அங்க எழுதினாங்க (2005-க்கான சிறந்த திரைப்பட விமர்சகர் தேசிய விருது வாங்கினவர்). ஏன் இதுன்னா, பால் நேஷன்னு ஒரு மொழியியல் ஆய்வாளர் 2006-ல கணக்கு போட்டு சொன்னார், நூத்துக்கு 98 வார்த்தை தெரிஞ்சாதான் துணை இல்லாம சரளமா படிக்க முடியும், நாவல், பேப்பர் மாதிரி எழுத்துக்கு அதுக்கு 8,000-லேர்ந்து 9,000 சொற்குடும்பம் (ஒரு மூல வார்த்தையும் அதுலேர்ந்து வர்றதும் சேத்து ஒண்ணு) வேணும்னு. பாரம் ஃபோர் பிள்ளைகிட்ட அவ்ளோ எங்க இருக்கு? ஆனா படம் ஏற்கனவே பாத்தாச்சு, கதை மனப்பாடம், அந்த ஓட்டையை கதையே அடைச்சிரும். ஹீரோயின் ரெண்டு பாட்டுக்கு வந்துட்டு காணாம போயிட்டா, ரிவியூல 'அண்டர்யூஸ்டு'ன்னு இருக்கும், டிக்சனரியே வேணாம். ஃப்ளாஷ்பேக் வந்ததும் பக்கத்து சீட்டு மாமா தூங்கினாரே, அந்த இடத்துக்கு 'டிராக்ஸ்'. வில்லன் யாருன்னு பத்தாவது நிமிசத்துலயே தெரிஞ்சா 'ப்ரெடிக்டபிள்'. பத்து ரிவியூ படிச்சா இதே வார்த்தைங்க திரும்பத் திரும்ப வரும், தானா ஒட்டிக்கும்.

இதுல ஒரு கோளாறும் இருக்கு. 'மாஸ் சீன்', 'இன்டர்வல் பிளாக்' எல்லாம் சென்னை சினிமா இங்கிலீஷ், எஸ்பிஎம் பேப்பர் திருத்துற டீச்சர் தலைய சொறிவாங்க.

அங்கதான் ரோஜர் ஈபர்ட் வர்றார். 1967-லேர்ந்து 2013-ல சாகுற வரைக்கும் அமெரிக்காவுல சிகாகோ சன்-டைம்ஸ் பேப்பர்ல எழுதினவர், 1975-ல புலிட்சர்ங்கிற பெரிய எழுத்து விருது வாங்கின முதல் சினிமா விமர்சகர், எழுதினதெல்லாம் அவர் பேர்லயே இருக்குற வெப்சைட்ல கிடக்கு. எளிமையான, முழுசு முழுசான வாக்கியம், பந்தா இல்ல. சிக்கல் என்னன்னா பாதி படம் நம்ம பிள்ளைங்க கேள்வியே படாதது, அதனால அவங்க பாத்த கார்ட்டூன் படத்தோட ரிவியூவா தேடிப் புடிச்சு குடுக்கணும்.

ரிவியூவே வேணாம், இங்கிலீஷ் படம் பாத்தா போதும்னு சொல்ற அங்கிள்மாருங்களுக்கு ஒண்ணு, ஈப்போ தியேட்டர்ல இங்கிலீஷ் படத்துக்கு கீழ ஓடுறது மலாயும் சீனமும்தான், புள்ள மலாயைப் படிச்சுட்டு வந்துரும்.

பாரம் த்ரீ வரைக்கும் தமிழ்ப் படத்து ரிவியூ மட்டும் போதும், வாரம் ஒண்ணு. பாரம் ஃபோர் வந்ததும் ஈபர்ட்டைச் சேத்துக்கங்க. யூடியூப்ப வைஃபை இருக்குற வீட்டுக்குப் போற அன்னிக்கு வெச்சுக்கலாம்.