பாக்ஸ்-ஷேடோ நல்ல சாமான், வெளிச்சத்தை மட்டும் நாம்தான் போட வேண்டும்

வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், பெட்டிகளுக்கு நிழல் போடும் பாக்ஸ்-ஷேடோ என்ற கட்டளைக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை, காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லைதானே. ஆனால் கொழும்பில் வெப் வேலை செய்கிற என்னைப் போன்றவர்கள் நாள் முழுக்கப் பாவிப்பது இதைத்தான், அதனால் ஒருமுறையாவது நேர்மையாகச் சொல்லி வைப்போம்.

வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ஓடர் எடுக்கும் தளம் செய்துகொண்டிருந்தோம். கொத்து, இடியப்பம், உழுந்து வடை என்று வரிசையாகக் கார்டுகள், எல்லாம் காசு கொடுத்து வாங்கின ஒரு டெம்ப்ளேட்டில் வந்தவை. கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓரமெல்லாம் கரி பிடிச்ச மாதிரி இருக்கே, துடைக்க ஏலாதா?" என்றார். டிசைன் படிக்காத மனிதர், ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உள்ளே திறந்து பார்த்தால் எக்ஸ் 0, வை 0 (நிழல் பக்கவாட்டிலும் கீழேயும் நகரும் அளவு), ப்ளர் 20 (மங்கலின் அளவு), நிறம் பாதி ஒளிபுகும் சுத்தக் கறுப்பு. நகர்வே இல்லாத நிழல் நாலு பக்கமும் ஒரே அளவுக்குக் கசியும், வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, அப்புறம் அது நிழலாகத் தெரியுமா, அழுக்காகத்தான் தெரியும்.

பாக்ஸ்-ஷேடோ உண்மையில் செய்வது ஒரே ஒரு வேலை: பெட்டியின் வடிவத்தை எடுத்து, நகர்த்தி, காஸியன் முறையில் (ஓரத்தை மெல்ல மெல்லக் கரைக்கும் கணக்கு) மங்கலாக்குகிறது. மங்கல் எல்லா ஓரத்திலும் ஒரே அளவு. நிஜ நிழல் அப்படி நடந்துகொள்ளாது. மேசையில் ஒரு பேனையின் நுனியை ஊன்றிச் சரித்துப் பிடித்துப் பாருங்கள், நுனி தொடுகிற இடத்தில் நிழல் கூராக இருக்கும், மேலே போகப் போக ஓரம் கரைந்துவிடும். வெளிச்சம் தருவது ஒரு புள்ளி இல்லை, அதற்கும் அகலம் இருக்கிறது என்பதுதான் காரணம். வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகை, ஆகவே சூரியன் உச்சியில் நிற்கும்போது நிலத்திலிருந்து 1 மீற்றர் உயரத்தில் இருக்கும் பொருளின் நிழல் ஓரம் 9 மில்லிமீற்றர் அளவுக்கு மங்கும். உயரம் கூடினால் மங்கலும் கூடும். நிழலைப் பார்த்தே ஒரு பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான்.

இதை ஒரே நிழலால் காட்ட முடியாது. ஆனால் காற்புள்ளி போட்டு எத்தனை நிழலையும் அடுக்கலாம், இந்தச் சாமான் என் மதிப்பைப் பெறுவது இந்த இடத்தில்தான். அந்தக் கார்டுகளுக்கு மூன்று அடுக்கு வைத்தேன்: வை 1 ப்ளர் 2, வை 4 ப்ளர் 8, வை 16 ப்ளர் 32, ஒவ்வொன்றும் 7 சதவீதக் கருமை. கடைசி அடுக்குக்கு, நிழலின் பருமனைக் கூட்டிக் குறைக்கும் ஸ்ப்ரெட்டைக் கழித்தல் 8 ஆக்கினால் பக்கவாட்டில் கசிவது குறையும். கறுப்புக்குப் பதிலாகப் பின்னணி நிறத்தையே நன்றாக இருட்டாக்கிப் போட்டேன், நிழல் விழும் இடத்திலும் சுற்றுப்புற வெளிச்சம் கொஞ்சம் இருக்கத்தானே செய்கிறது. கரி போய்விட்டது.

அண்ட்ராய்டு இந்த விஷயத்தில் ஒரு படி மேல். 2014இல் கூகுளின் மெட்டீரியல் டிசைன் என்ற வடிவமைப்பு விதிகளோடு வந்த எலிவேஷன் முறையில் உயரத்தை மட்டும் சொன்னால் போதும், மேலிருந்து வரும் ஒரு விளக்கும் சுற்றுப்புற வெளிச்சமும் சேர்ந்து இரண்டு நிழல்களை அதுவே போட்டுக்கொள்ளும். விளக்கு திரையின் மேற்பக்கம் இருப்பதாகக் கணக்கு, அதனால் ஒரே உயரமுள்ள பொத்தான் கீழே இருந்தால் நிழல் இன்னும் கொஞ்சம் நீளும். இதை முதலில் கவனிக்கிறவர்கள் பக், அதாவது நிரல் பிழை என்றுதான் நினைப்பார்கள். வெப்பில் அந்த வசதி கிடையாது, விளக்கு எங்கே என்று முடிவெடுத்து ஒவ்வொரு கார்டிலும் அதையே காப்பாற்றுவது நம் பொறுப்பு. ஒரு பொத்தானுக்கு நிழல் கீழே, பக்கத்துப் பெட்டிக்கு வலப்பக்கம் என்றால் திரையில் இரண்டு சூரியன்.

இன்னொரு தலையிடி, எண்கள். ப்ளர் 20 என்றால் சிஎஸ்எஸ் அதைப் பாதியாக்கி 10 என்ற சிக்மாவால் (மங்கல் எவ்வளவு பரவும் என்ற கணித அளவு) மங்கலாக்கும். போன் செயலி எழுதப் பாவிக்கும் ஃப்ளட்டர் அதே 20ஐ 0.57735ஆல் பெருக்கி அரையைக் கூட்டுகிறது, அதாவது 12 சொச்சம். ஐபோனில் சிஎஸ்எஸ்ஸின் அதே மென்மை வர ஷேடோ ரேடியஸுக்கு 10 என்றுதான் கொடுக்க வேண்டும். டிசைனர் அனுப்புவது ஒரே எண், மூன்று திரையில் மூன்று மென்மை, அப்புறம் யார் பிழை என்று வாட்ஸ்அப்பில் வாக்குவாதம்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால் வைத்த உரையாடல் குமிழிக்கும், ஒளிபுகும் பின்னணியுள்ள லோகோவுக்கும் இது சரிவராது, பெட்டிக்குத்தான் நிழல் போடும். அதற்கு டிராப்-ஷேடோ ஃபில்டர் இருக்கிறது. வெளிப்பெட்டிக்கு, மிஞ்சுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் கொடுத்தால் நிழல் வெட்டுப்படும். கறுப்புத் தீமில் நிழலே எடுபடாது, அங்கே மேலே இருக்கிற கார்டைச் சற்று வெளிறிய சாம்பல் ஆக்குவதுதான் வழி. வெயிலில் நின்று போன் பார்க்கிறவருக்கும் 7 சதவீத நிழல் அநேகமாகத் தெரியாது, ஆகவே கார்டுக்கு ஒரு மெல்லிய கோடும் போட்டு வையுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று அசைவுக்காக: விரல் வைத்ததும் நிழல் பெரிதாகிற மாதிரி நேரடியாக அசைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் உலாவி திரும்ப வரைய வேண்டும், விலை குறைந்த போன்களில் அது இழுக்கும். பெரிய நிழலை ஆஃப்டர் என்ற போலி உறுப்பில் (சிஎஸ்எஸ் தானே சேர்க்கும் கூடுதல் பெட்டி) தனியாக வைத்து, அதன் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) மட்டும் 0இலிருந்து 1க்குக் கொண்டுபோங்கள், பார்வைக்கு அதே விளைவுதான்.